அந்த முதல் ‘டக்’: கடல்நீர் புகுந்த எஞ்சினும் கைவிரிக்கும் வாரண்டியும்

வாசகரின் கடிதம், சுருக்கமாக

31 அடி ஃபைபர் படகின் சொந்தக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். படகு வாங்கி 19 மாதம் ஆகிறது. உள்ளே பொருத்திய நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், மணி மீட்டரில் 240 மணி நேரம். எஞ்சின் தயாரிப்பாளர் தந்த வாரண்டி 3 ஆண்டு, படகு கட்டிய நிறுவனம் தந்தது 2 ஆண்டு.

இரண்டு வாரம் கட்டிக் கிடந்த படகை எடுக்கப் போய்ச் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து, இன்னொரு பேட்டரியைச் சேர்த்துக் கட்டி மறுபடி அடித்தார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு ஒரேயடியாக இறுகிக்கொண்டது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது.

அன்று மாலையே தெரிந்த மெக்கானிக் ஒருவர் எரிபொருளைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றினார். துருநிறத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எண்ணெயை ஒருமுறை மாற்றி ஓட்டிப் பார்த்தார். வெள்ளைப் புகையும் தட்டும் சத்தமும் வரவே இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டார். பிறகு வந்த டீலரின் ஆள், “ஸ்டார்ட்டரை விடாமல் அடித்ததால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டது. உங்கள் தவறு. போதாததற்கு வெளியாள் கை வைத்துவிட்டார். வாரண்டி வராது” என்று சொல்லி, எஞ்சினைப் பிரிக்க ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். படகு கட்டியவர்களோ, எஞ்சின் விவகாரம் எஞ்சின்காரரோடு என்கிறார்கள். இதற்குள் ஒன்பது நாள் ஓடிவிட்டது.

வாரண்டி காலத்துக்குள் இருக்கும்போது புது எஞ்சின் கேட்க முடியாதா, வெளி மெக்கானிக்கைக் கூப்பிட்டதால் எல்லாம் போயிற்றா, அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா, நின்றுபோன பயணங்களின் வருமானத்தைக் கேட்கலாமா என்பவை அவர் கேள்விகள். வார இறுதிகளில் தூண்டில் போட வருகிறவர்களைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்வதையும், எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீரைப் படகுக்குள் விடும் கடல்நீர் வால்வை எப்போதும் திறந்தே வைத்திருப்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

முதலில் எஞ்சின், பிறகு வழக்கு

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகள் நான்குக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உப்புநீர் பட்ட சிலிண்டர் சுவர் ஒரே நாளில் துருப்பிடிக்கத் தொடங்கும். ஒன்பது நாள் ஏற்கெனவே போய்விட்டது. மேற்கொண்டு சேதமாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வாரண்டியிலும் காப்பீட்டிலும் உங்களுக்கு உண்டு. “சண்டை முடியட்டும்” என்று விட்டுவைத்தால், தண்ணீர் செய்த சேதத்தையும் தாமதம் செய்த சேதத்தையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். அப்போது இரண்டுமே உங்கள் கணக்கில் விழும்.

இன்னொரு பக்கம், எஞ்சினுக்குள் இப்போது இருப்பதெல்லாம் சாட்சியம். ஆகவே வரிசை முக்கியம்.

எஞ்சினை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். அந்தத் தட்டும் சத்தம் வளைந்த கனெக்டிங் ராடாக (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ராட் வளைந்தால் அதன் நீளம் குறையும், பிஸ்டன் மேலே வர வேண்டிய உயரத்துக்கு வராது, கீழே இறங்கும்போது கிராங்க் ஷாஃப்ட்டின் எடைக்கட்டியில் உரசவும் செய்யலாம். அந்த நிலையில் இன்னும் பத்து நிமிடம் ஓட்டினால் ராட் உடைந்து பிளாக்கையே துளைத்துவிடலாம்.

இப்போது உள்ளே இருக்கும் எண்ணெயிலிருந்து, சுத்தமான இரண்டு பாட்டில்களில் தலா 150 மி.லி. எடுத்து மூடி, தேதியும் மணி மீட்டர் எண்ணும் எழுதி ஒட்டுங்கள். அதே எண்ணெயின் புது டப்பாவிலிருந்தும் ஒரு பாட்டில் வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மெக்கானிக் முதலில் வடித்த அந்த வெளுத்த எண்ணெய் இன்னும் எங்காவது கேனில் கிடக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

பிறகு இன்ஜெக்டர்களைக் கழற்றி, துளைகள் வழியே சிறிய கேமராவை இறக்கி ஒவ்வொரு சிலிண்டரையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் படம் எந்தச் சிலிண்டர் என்பது தெரிய வேண்டும். ஒரு காகிதத்தில் எண்ணை எழுதி முதலில் அதைப் படம் பிடித்துவிட்டு உள்ளே போனால் போதும். படம் எடுத்த பிறகுதான் துளை ஒவ்வொன்றிலும் 30 மி.லி. அளவு எஞ்சின் எண்ணெய் ஊற்ற வேண்டும். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எண்ணெயையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள். ஒருமுறை மாற்றியது போதாது. பால்நிறம் போக மூன்று தடவைகூட ஆகும். ஒவ்வொன்றுக்கும் பில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே இருக்கும் சாட்சி

டீலரின் ஆள் சொன்ன காரணம் கட்டுக்கதை இல்லை. எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும்போதும் கடல்நீர்ப் பம்ப் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அது தள்ளும் தண்ணீர் எக்ஸாஸ்ட் எல்போவில் (புகை வெளியேறும் வளைந்த குழாயில்) புகையோடு கலந்து, கீழே இருக்கும் வாட்டர்லாக் சைலன்சர் என்ற பெட்டியில் சேரும். எஞ்சின் ஓடினால் புகையின் வேகம் அந்தத் தண்ணீரைப் பின்னால் வெளியே தள்ளிவிடும். ஓடாதபோது தள்ள ஆள் இல்லை. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்க்கு) ஏறி, எந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கிறதோ அதற்குள் இறங்கும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும்போது ஒன்று ஸ்டார்ட்டர் நின்றுவிடும், இல்லாவிட்டால் ராட் வளையும்.

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள். சாவியைத் திருப்பிய *முதல்* தடவையே ‘டக்’ என்று நின்றுவிட்டது. நீங்கள் பத்துத் தடவை அடித்தது அதற்குப் பிறகு. முதல் சுற்றிலேயே பிஸ்டன் எதிலோ முட்டியிருந்தால், தண்ணீர் நீங்கள் படகில் ஏறுவதற்கு முன்பே உள்ளே இருந்திருக்கிறது. ஸ்டார்ட்டரை அதிகம் அடித்தது சேதத்தைக் கூட்டியிருக்கலாம். தொடக்கி வைத்தது அது இல்லை.

இரண்டாவது சாட்சி, மெக்கானிக் பார்த்த துருநிறத் தண்ணீர். அன்று காலை ஏறிய கடல்நீர் அன்று மாலை வெளியே வந்தால் தெளிவாகவோ, சைலன்சரின் கரி கலந்து கறுப்பாகவோ இருக்கும். செம்பழுப்பாக வந்தால் அது பெரும்பாலும் சில நாளாவது இரும்போடு இருந்த தண்ணீர். கேமராப் படத்தில் ஒன்றிரண்டு சிலிண்டரில் மட்டும், குளத்துச் சுவரில் நீர்மட்டம் விட்ட கோடுபோல, சுற்றிலும் ஒரு துரு வளையம் தெரிந்தால் கதை இன்னும் உறுதியாகும். எஞ்சின் நின்றிருந்தபோது எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்த சிலிண்டர்களில்தான் அந்த வளையம் இருக்கும்.

டீலர் இதற்கும் பதில் வைத்திருப்பார்: பேட்டரி இறங்கியிருந்தாலும் ‘டக்’ என்று ஒருமுறை சத்தம் வரும். நியாயமான மறுப்பு. அதனால் பழைய பேட்டரியை அப்படியே எடுத்துவைத்து, சோதனை செய்து எழுதி வாங்குங்கள். 12 வோல்ட் பேட்டரி, சுமை கொடுத்துச் சோதிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் நின்றால் அந்த மறுப்பு பலவீனமாகிவிடும். மெக்கானிக்கின் கைபேசியில் அன்றைய படமோ வீடியோவோ இருக்கும். அதை வாங்குங்கள். தான் பார்த்ததைத் தேதியோடு அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது?

யார் காசு கொடுப்பது என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்யும்.

*சைஃபன்*, அதாவது தண்ணீர் ஹோஸ் வழியே தானாக இழுபட்டு வழிவது. எஞ்சின் நின்ற பிறகும், கடல்நீர் வால்வு திறந்திருந்தால், பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்களைத் தாண்டித் தண்ணீர் கசிந்து போகும். இம்பெல்லர் ஒரு வால்வு மாதிரி முழுதாக அடைக்காது. தண்ணீர் எக்ஸாஸ்டில் கலக்கும் இடம் படகின் நீர்மட்டத்துக்குக் கீழேயோ, சற்றே மேலேயோ இருந்தால், கசிவு நிற்காமல் சைலன்சரை நிரப்பிவிடும். இதைத் தடுக்கத்தான் ஹோஸை உயரத் தூக்கி வளைத்து, உச்சியில் காற்றை உள்ளே விடும் ஒரு சின்னச் சைஃபன் வால்வைப் பொருத்துவார்கள். எஞ்சின் தயாரிப்பாளர்களின் நிறுவல் கையேடுகளில் பெரும்பாலும் காணப்படும் வரம்பு 150 மி.மீ.: கலக்கும் இடம் நீர்மட்டத்துக்கு மேல் அதைவிடக் குறைவாக இருந்தால் சைஃபன் வால்வு கட்டாயம். உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும் எண்ணே செல்லும்; அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதை நீங்களே அளக்கலாம். படகு தண்ணீரில், டாங்குகள் நிறைந்து, வழக்கமான சுமையோடு இருக்கட்டும். கடல்நீர் வால்வை மூடிவிட்டு, கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரின் வடிகால் துளையில் கண்ணாடி போல் உள்ளே தெரியும் ஒரு ஹோஸைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் மறுமுனையை எஞ்சினுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். வால்வை மெதுவாகத் திறங்கள். ஹோஸுக்குள் தண்ணீர் ஏறி ஓர் இடத்தில் நிற்கும். அதுதான் வெளியே இருக்கும் நீர்மட்டம். அந்த உயரத்தை எஞ்சின் அறைச் சுவரில் மார்க்கரால் கோடிட்டு, எல்போவில் தண்ணீர் கலக்கும் இடம்வரை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். வால்வை மூடிய பிறகே ஹோஸைக் கழற்ற வேண்டும். இந்த ஒரு படம் பத்துக் கடிதத்துக்குச் சமம்.

சைஃபன் வால்வே இல்லை என்றால் படகு கட்டியவர் பதில் சொல்ல வேண்டும். வால்வு இருந்து, உப்புப் படிந்து அடைத்திருந்தால், அதை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழற்றி நன்னீரில் கழுவ வேண்டும் என்று உங்கள் கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொறுப்பில் ஒரு பங்கு உங்களுக்கு வரும். கடல்நீர் வால்வைத் திறந்தே வைத்ததும் அப்படித்தான். படகை விட்டுப் போகும்போது மூடச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருந்தால், “யாரும் சொல்லவில்லை” என்பது நிற்காது.

*சைலன்சரின் கொள்ளளவு.* எஞ்சின் நின்றதும், சைலன்சருக்கு மேலே ஏறும் ஹோஸில் இருக்கும் தண்ணீர் திரும்பி வழியும். 50 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸ் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர் கொள்ளும். இரண்டரை மீட்டர் ஹோஸ் முழுக்க நிறைந்திருந்தால் 5 லிட்டர். அவ்வளவையும் தாங்காத சின்னச் சைலன்சரைப் போட்டிருந்தால் அதுவும் கட்டியவரின் பிழை.

*எல்போவும் குளிர்விப்பானும்.* எல்போவின் உட்சுவர் அரித்துப்போய் தண்ணீர் பின்பக்கமாக மேனிஃபோல்டுக்குச் சொட்டியிருக்கலாம். 240 மணி நேரத்தில் அரிப்பது வழக்கமில்லை. அரித்திருந்தால் வார்ப்புக் குறை என்று சந்தேகிக்க இடமுண்டு. எல்போ எஞ்சினோடு வந்ததா, கட்டியவர் வாங்கிப் போட்டதா என்று உதிரி எண்ணைப் பாருங்கள். எஞ்சினோடு வந்தது என்றால் தயாரிப்பாளர் வாரண்டி அதற்கும் உண்டு. எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையானாலும், ஹெட் காஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போனாலும்கூட எண்ணெய் வெளுக்கும். அவையும் தயாரிப்பாளரைச் சேர்ந்தவை.

நீங்கள் எடுத்துவைத்த எண்ணெய்க்கு இங்கேதான் வேலை. ஆய்வகத்தில் சோடியமும் மக்னீசியமும் சேர்ந்து கூடியிருந்தால் கடல்நீர். கடல்நீரில் சோடியம், மக்னீசியத்தைப் போல எட்டு மடங்குக்குச் சற்று மேலே இருக்கும். கிளைக்கால் தெரிந்தால், எஞ்சினின் குளிர்விப்புத் திரவமான கூலன்ட். எண்ணெயிலேயே மக்னீசியம் கலந்திருப்பதும் உண்டு. புது டப்பா பாட்டில் கேட்டது அதைக் கழித்துப் பார்க்கத்தான்.

வாரண்டி யாருடையது?

“மூன்று வருடத்துக்குள் எது நடந்தாலும் இலவசம்” என்று நினைத்திருக்கிறீர்கள். எஞ்சின் வாரண்டி அப்படி எழுதப்படுவதில்லை. மூலப்பொருளில் குறை, தயாரிப்பில் குறை, இந்த இரண்டுக்குத்தான் அது பொறுப்பேற்கும். தவறான நிறுவல், பராமரிப்புக் குறை, தேய்ந்துபோகும் இம்பெல்லர், பெல்ட், ஃபில்டர் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். தேதி உங்களை வாசல்வரைதான் கூட்டிப்போகும். உள்ளே விடுவது காரணம்.

அதனால் நீங்கள் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் கணிப்பு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சந்தேகம் முதலில் எக்ஸாஸ்ட் நிறுவலின் மேல்தான் விழுகிறது. அதைச் செய்தவர் படகு கட்டியவர். அவர் வாரண்டிக்கு இன்னும் ஐந்து மாதம்தான் மிச்சம். எஞ்சின்காரரோடு ஆறு மாதம் மல்லுக்கட்டிவிட்டு அங்கே போனால் கதவு மூடியிருக்கும். இரண்டு பேருக்கும், படகை விற்றவர் வேறு ஆள் என்றால் அவருக்கும் சேர்த்து, ஒரே நாளில் எழுதுங்கள்.

இன்னொரு காகிதமும் தேவை. புது எஞ்சினை முதலில் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, நிறுவலைச் சரிபார்த்து, வாரண்டியைப் பதிவு செய்தபோது யாரோ ஓர் ஆய்வுப் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பார். அதில் எக்ஸாஸ்ட் உயரம், சைஃபன் வால்வு பற்றிய கட்டங்களும் இருக்கக்கூடும். கையெழுத்துப் போட்டது இதே டீலர் என்றால், இனி அவர் ‘நிறுவல் தவறு’ என்று சொன்னால் அது தன் கையெழுத்தையே மறுப்பது ஆகும். அதன் நகலைக் கேளுங்கள்.

டீலரின் ஆள் வாயால் சொன்னது மறுப்பு ஆகாது. அவர் தயாரிப்பாளர் இல்லை. கோரிக்கையைப் பதிவு செய்து அதன் எண்ணைத் தரச் சொல்லுங்கள். மறுத்தால், வாரண்டியின் எந்த விதிப்படி, எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் காரணத்தை நீங்களே தீர்மானித்து எழுதாதீர்கள். பார்த்ததை மட்டும், நடந்த வரிசையில் எழுதுங்கள். இப்படி: “இந்தத் தேதியில், 14 நாள் நிறுத்தியிருந்த பிறகு, முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் சுற்றாமல் நின்றது. பேட்டரி சேர்த்து மேலும் 10 முதல் 12 முறை முயன்றேன். எண்ணெய் வெளுத்திருப்பதைப் பார்த்தேன். அன்று மாலை இன்ஜெக்டர்களைக் கழற்றியபோது துருநிறத் தண்ணீர் வெளியேறியது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. தங்கள் பிரதிநிதி முன்னிலையில் சோதிக்கத் தேதி குறிக்கவும்.” பத்துத் தடவை அடித்ததை விட்டுவிடலாமா என்று தோன்றும். விடாதீர்கள். கட்டுப்பாட்டுக் கணினி உள்ள எஞ்சினாக இருந்தால் சில விவரங்கள் அதில் பதிவாகியிருக்கலாம். ஒன்றை மறைத்து மாட்டிக்கொண்டால், உண்மையான அந்த முதல் ‘டக்’கையும் நம்ப மாட்டார்கள்.

வெளி மெக்கானிக்கும் கட்டணப் பயணமும்

தண்ணீர் புகுந்த எஞ்சினிலிருந்து அன்றைக்கே தண்ணீரை வெளியேற்றியது சரியான செயல். சேதத்தைக் குறைக்கச் செய்த அவசர வேலை அது. வெளியாள் தொட்டார் என்பதற்காக மட்டும் மறுப்பதும், வெளியாள் செய்த வேலைதான் பழுதுக்குக் காரணம் என்று காட்டி மறுப்பதும் வேறு வேறு. பிறகு எஞ்சினை ஓட்டிப் பார்த்ததுதான் உறுத்தலான இடம். அந்த இரண்டு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். ராட் வளைந்தது தண்ணீரில் முட்டியதால், அதற்குப் பிறகு ஓட்டியதால் இல்லை என்பதே உங்கள் பதில்.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. வாரண்டித் தாளுக்கு மேலே சட்டம் தரும் உரிமை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மாக்னுசன்–மாஸ் சட்டம், தன் உதிரியையும் தன் சர்வீஸையும் காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று நுகர்வோரிடம் நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்றவரின் சட்டப்பொறுப்பு குறைந்தது 2 ஆண்டு. அங்கே முதல் ஓராண்டிலாவது, குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கருதுவார்கள். உங்களுக்கு 19 மாதம் ஆகிவிட்டதால் நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழக்கூடும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்காது. தன் பிழைப்புக்காகச் சுயதொழிலில் மட்டும் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு தருகிறது. புகார் கொடுக்க 2 ஆண்டுக் கெடு.

இதனால்தான் அந்தக் கட்டணப் பயணங்கள் சின்ன விஷயம் இல்லை. எஞ்சின் வாரண்டியிலும் சொந்த உபயோகத்துக்கு ஒரு காலமும், தொழில் உபயோகத்துக்குக் குறைந்த காலமோ மணிக்கணக்கோ வைப்பது வழக்கம். உங்கள் தாளில் அந்த வரியைத் தேடுங்கள். தொழில் உபயோகத்துக்கு ஓராண்டுதான் என்று இருந்தால், தயாரிப்பாளரிடம் உங்கள் நிலை மிகவும் பலவீனம். வருமான இழப்பைக் கேட்டு எழுதும் கடிதமே நீங்கள் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். போதாததற்கு இழுவைக் கட்டணம், கரையேற்றும் செலவு, வருமான இழப்பு ஆகியவற்றை எஞ்சின் வாரண்டிகள் பொதுவாகவே விலக்குகின்றன. கிடைக்காத அந்தத் தொகைக்காகக் கிடைக்கக்கூடிய எஞ்சினைப் பணயம் வைக்க வேண்டாம் என்பேன். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

பிரிக்கும் படிவத்தில் கையெழுத்து

போடலாம், ஆனால் அவர்கள் நீட்டியபடி வேண்டாம். ‘வாரண்டி ஏற்கப்படாவிட்டால் பிரித்த கூலி, பூட்டும் கூலி, எல்லாம் உரிமையாளர் பொறுப்பு’ என்பது அந்தப் படிவத்தின் சாரமாக இருக்கும். வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

முதல் கட்டத்தில் ஹெட்டைக் கழற்றாமல் செய்ய முடிந்தவை மட்டும்: கேமராப் படம், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன், குளிர்விப்பு அமைப்பின் அழுத்தச் சோதனை, எல்போவைக் கழற்றிப் பார்த்தல். இதற்கு இத்தனை மணி நேரக் கூலி என்று உச்சவரம்பு போடுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் கம்ப்ரஷனில் தாழ்ந்திருந்தால் ராட் மேல் சந்தேகம் வலுக்கும். 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் 18:1 அழுத்த விகிதமும் உள்ள எஞ்சினில் ராட் 1 மி.மீ. குறுகினாலே விகிதம் ஏறக்குறைய 15:1க்கு இறங்கிவிடும். குளிர்ந்த எஞ்சின் பிடிக்க மறுத்து வெள்ளைப் புகை விடுவதற்கு அது போதும்.

ஹெட்டைத் திறக்கும் இரண்டாவது கட்டத்துக்குத் தனிக் கையெழுத்து. அன்று உங்கள் தரப்பில் ஒருவர் அங்கே இருக்க வேண்டும், ஒவ்வொரு பிஸ்டனின் உச்ச உயரத்தையும் டயல் கேஜ் வைத்து அளந்து எழுத வேண்டும், கழற்றிய பாகங்கள் எதையும் உங்கள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கழுவவோ எறியவோ கூடாது. ‘கழுவவோ’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டால் துரு வளையமும் அதோடு போய்விடும்.

காப்பீடு

உங்கள் கடிதத்தில் இந்தச் சொல்லே இல்லை. படகுக்குப் பாலிசி இருந்தால் இன்றே தகவல் சொல்லுங்கள். தேய்மானம், இயந்திரக் கோளாறு ஆகியவற்றை பாலிசிகள் விலக்கினாலும், எதிர்பாராமல் கடல்நீர் புகுந்ததால் வந்த சேதத்தைச் சில பாலிசிகள் ஏற்கின்றன. ஏற்காவிட்டாலும் அவர்கள் அனுப்பும் சர்வேயரின் அறிக்கை உங்களுக்குப் பயன்படலாம், நகல் கேளுங்கள். கட்டணப் பயணம் இங்கேயும் கேள்வியாக வரும், தயாராக இருங்கள்.

ஓர் எச்சரிக்கை. தயாரிப்பாளரோ கட்டியவரோ நல்லெண்ண அடிப்படையில் “உதிரி எங்களுடையது, கூலி உங்களுடையது” என்று முன்வரலாம். மோசமான பேரம் இல்லை, பல நேரம் ஏற்கத் தக்கதே. ஆனால் கூடவே வரும் தாளில் ‘இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்ற வரி இருந்தால், காப்பீட்டாளரைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். காப்பீட்டாளர்கள் இழப்பீடு கொடுத்தால், அந்தப் பணத்தைப் பிழை செய்தவரிடம் வசூலிக்கும் உரிமை அவர்களுக்குப் போகும். அதை நீங்கள் முன்பே விட்டுக்கொடுத்திருந்தால் உங்கள் இழப்பீட்டையே மறுப்பார்கள்.

புது எஞ்சின் கிடைக்குமா?

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை வாரண்டித் தாள்கள் வழக்கமாகத் தயாரிப்பாளரிடமே வைத்திருக்கும். ஒரு ராட் மட்டும் வளைந்து, சிலிண்டர் சுவர் நன்றாக இருந்தால் ராட், பிஸ்டன், பேரிங், காஸ்கெட் மாற்றித் தருவார்கள். துரு ஆழமாகக் குழி விழுந்திருந்தால் பிளாக்கோடு மாற்ற வாதாடலாம். மாற்றிய பாகத்துக்குப் புதிதாக மூன்று வருடம் தொடங்காது. பெரும்பாலும் பழைய வாரண்டியில் மிச்சமிருக்கும் காலம்தான்.

எது நடந்தாலும், எக்ஸாஸ்டைச் சரிசெய்யாமல் எஞ்சினைத் திரும்பப் பூட்ட விடாதீர்கள். சைஃபன் வால்வு நீர்மட்டத்துக்குப் போதிய உயரத்தில் இருக்கிறது, சைலன்சரின் கொள்ளளவு போதும் என்று எழுதிய நிறுவல் அறிக்கையைப் புதிதாக வாங்குங்கள். பிறகு கடல்நீர் வால்வின் பிடியில் ஸ்டார்ட் சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள். வால்வைத் தொடாமல் சாவி கைக்கு வராது. ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். மூன்று தடவையில் பிடிக்காவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு, சைலன்சரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுத்தான் நான்காவது முயற்சி. எஞ்சின் பிடித்த மறுகணம் வால்வைத் திறக்க மறக்கக் கூடாது. உலர்ந்து ஓடும் இம்பெல்லர் வெகு சீக்கிரம் கிழிந்துவிடும், அதற்கு வாரண்டியும் கிடையாது.